பிராங்கிளினின் தொலைந்த பயணம்

பிராங்கிளினின் தொலைந்த பயணம் என்பது சர் ஜான் பிராங்கிளின் தலைமையில் 1845 ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, ஆர்க்டிக் பகுதியில் முற்றாக அழிந்துபோன கடற்பயணம் ஆகும். வட அமெரிக்காவின் வடக்கே அட்லாண்டிக் பெருங்கடலையும் பசிபிக் பெருங்கடலையும் இணைக்கும் வடமேற்குப் பெருவழியைக் கண்டறிவதே இதன் நோக்கம் ஆகும். எரெபஸ், டெரர் என்னும் இரு கப்பல்களில் சென்ற 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அவர்களின் முடிவைப் பற்றி இனுவிட் மக்கள் அளித்த வாய்மொழிச் சான்று விக்டோரியா காலப் பிரித்தானியாவில் பெரிதும் மறுக்கப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அச்சான்றின் முக்கியப் பகுதிகளை உறுதி செய்துள்ளன.

பின்னணி

நெப்போலியப் போர்கள் 1815 இல் முடிந்தபின் பிரித்தானியக் கடற்படையில் பலர் பணியின்றி இருந்தனர். கடற்படைத் தலைமையகத்தின் செயலாளர்களுள் ஒருவரான ஜான் பாரோ, அவர்களை வடமுனைப் பகுதியின் ஆய்வுக்கு அனுப்புவதில் முன்னின்றார். பயணத் தலைவர்கள் திரும்பி வந்து எழுதிய நூல்களை இலண்டனில் ஜான் மரே பதிப்பகம் வெளியிட்டது. இந்நூல்கள் பேரரசின் பெருமைக்குச் சான்றாக வாசிக்கப்பட்டன.

பிராங்கிளின் 1819 முதல் 1822 வரை கனடாவின் வடகரைக்குத் தரைவழியாகச் சென்றார். அப்பயணத்தில் 20 பேரில் 11 பேர் இறந்தனர். பாறைகளில் வளரும் லைக்கன்களையும் காலணித் தோலையும் உண்டு மற்றவர்கள் உயிர் பிழைத்தனர். 1823 இல் வெளிவந்த இதன் வரலாறு அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. பயணத்தில் மனித ஊன் உண்ணப்பட்டிருக்கலாம் என்னும் ஐயம் அந்நூலிலேயே இடம்பெற்றுள்ளது. ஆயினும், அப்பழி ஆங்கிலேயர் மீதன்றி, உடன் சென்ற இரோகுவா இனத்தவர் ஒருவர் மீதே சுமத்தப்பட்டது.

பயணமும் அழிவும்

கப்பல்கள் 1845 மே 19 அன்று புறப்பட்டன. மூன்றாண்டுகளுக்கான உணவு, நீராவிப் பொறிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் ஆகியவை அவற்றில் இருந்தன. அதே ஆண்டு சூலை மாத இறுதியில் பாஃபின் விரிகுடாவில் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் இருந்தோர் இவற்றைக் கண்டனர். அதன்பின் ஐரோப்பியர் எவரும் இவற்றைக் காணவில்லை.

1846 செப்டம்பரில் கப்பல்கள் கிங் வில்லியம் தீவின் அருகே பனிக்கட்டியில் சிக்கின. பிராங்கிளின் 1847 சூன் 11 அன்று இறந்தார். 1848 ஏப்ரலில் எஞ்சிய 105 பேர் கப்பல்களைக் கைவிட்டு, பிரான்சிஸ் குரோசியர் தலைமையில் தெற்கு நோக்கி நடந்தனர். இவ்விவரங்கள் தீவில் ஒரு கற்குவியலில் 1859 இல் கண்டெடுக்கப்பட்ட ஒற்றைத் தாளின் மூலம் தெரிய வந்தன.

ஜான் ரேயின் அறிக்கை

ஜான் ரே ஹட்சன் விரிகுடா நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஆவார். பனிவீடு கட்டுதல், குறைந்த சுமையுடன் பயணம் செய்தல் முதலியவற்றை அவர் ஆர்க்டிக் மக்களிடமிருந்து கற்றிருந்தார். 1854 இல் பெல்லி விரிகுடாப் பகுதியில் அவர் சந்தித்த இனுவிட்டுகள், வெள்ளையர் ஏறத்தாழ நாற்பது பேர் படகு ஒன்றை இழுத்துச் சென்றதையும், பின்னர் பட்டினியால் இறந்ததையும் கூறினர். சிதைந்த உடல்களையும் சமையல் பாத்திரங்களில் இருந்தவற்றையும் கொண்டு, இறுதியில் அவர்கள் இறந்தோரின் உடல்களை உண்டனர் என்றும் தெரிவித்தனர். பிராங்கிளின் பயணத்தினருக்கு உரிய வெள்ளிக் கரண்டிகளையும் பிராங்கிளினின் பதக்கம் ஒன்றையும் ரே அவர்களிடமிருந்து வாங்கினார்.

அதே ஆண்டு அக்டோபரில் இவ்வறிக்கை செய்தித்தாள்களில் வெளியாகிப் பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் தமது வார இதழில் இதனை மறுத்து எழுதினார். இனுவிட்டுகளின் சொல் நம்பத்தக்கதன்று என்றும், அவர்களே அம்மாலுமிகளைக் கொன்றிருக்கக் கூடும் என்றும் அவர் கருதினார். பிராங்கிளினின் முந்தைய பயணத்தில் ஆங்கிலேயர் காட்டிய மன உறுதியைத் தம் வாதத்திற்குச் சான்றாகக் கொண்டார். ரே அதே இதழில் பதிலளித்துத் தமக்குச் செய்தி தந்தவர்களின் நேர்மையை ஆதரித்தார்.

நூல்களும் நினைவுச்சின்னங்களும்

பிராங்கிளினின் மனைவி ஜேன் பிராங்கிளின் அனுப்பிய பயணத்திற்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் லியோபோல்டு மக்ளின்டாக், 1859 இல் தம் பயண நூலை வெளியிட்டார். பின்னர் அவருக்குச் சர் பட்டம் அளிக்கப்பட்டது. ரேக்கும் அவருடைய ஆட்களுக்கும் 10,000 பவுண்டு பரிசு வழங்கப்பட்டது. எனினும் அவருக்குச் சர் பட்டம் கிடைக்கவில்லை. 1866 இல் இலண்டனில் எழுப்பப்பட்ட சிலை, வடமேற்குப் பெருவழியைக் கண்டறிந்த பெருமையைப் பிராங்கிளினுக்கும் அவருடைய துணைவர்களுக்கும் அளிக்கிறது. 1903 முதல் 1906 வரை அப்பெருவழியை முதன்முதலில் கப்பலில் கடந்த ருவால் அமுன்சென் சென்றது ரே நீரிணை வழியாகவே ஆகும்.

சான்று உறுதியாதல்

1997 இல் வெளியான ஆய்வு ஒன்று, கிங் வில்லியம் தீவில் கிடைத்த எலும்புகளில் கத்தியால் வெட்டிய தடங்கள் இருப்பதைக் காட்டியது. அவ்வாறு தடங்கள் கொண்ட தாடை எலும்பு ஒன்று எரெபஸ் கப்பலின் தலைவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்சுடையது என 2024 இல் மரபணு ஆய்வின் மூலம் அறியப்பட்டது.

எரெபசின் சிதைவு 2014 செப்டம்பரில் கண்டுபிடிக்கப்பட்டது. கப்பல் ஒன்று மூழ்கியதாக இனுவிட்டுகள் தலைமுறைகளாகக் கூறிவந்த பகுதியிலேயே அது கிடந்தது. இரண்டாண்டுகளுக்குப் பின், ஜோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த சாமி கோக்விக் என்னும் இனுவிட், பனியிலிருந்து பாய்மரம் போன்ற ஒரு மரம் நீட்டிக்கொண்டிருக்கத் தாம் கண்டதைத் தேடற்குழுவிடம் தெரிவித்தார். அவர் காட்டிய விரிகுடாவில் டெரர் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. அவ்விரிகுடா அதற்கு முன்பே டெரர் விரிகுடா என்னும் பெயரைக் கொண்டிருந்தது.

இவற்றையும் பார்க்க

வடமேற்குப் பெருவழி
ஜான் ரே
இனுவிட் மக்கள்
ருவால் அமுன்சென்