நோவும் மருந்தும்

மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என நான்காக வகுத்தார் திருவள்ளுவர். நான்கும் ஒருங்கே வாய்த்தால்தான் பிணி தணியும். ஆயின், கடுநோவைத் தணிக்கும் தலையாய மருந்து நம் நாட்டிலேயே விளைந்தும் நம் நோயாளர்க்குக் கிட்டாதிருந்த காலம் ஒன்று உண்டு. அவ்வரலாற்றை மாணவர்கள் அறிதல் நன்று.

கசகசாச் செடியின் காயைக் கீறினால் கசியும் பாலே இறுகி அபினியாகிறது. அதனுள் உறையும் நோவகற்றும் பொருளை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்டூர்னர் என்னும் ஜெர்மானிய மருந்தாளர் பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமாகிய மார்ஃபியசின் பெயரால் அது மார்ஃபின் எனப்பட்டது. அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி, கங்கைச் சமவெளியில் விளைந்த அபினியைச் சீனத்தில் விலைபோக்கிப் பெரும்பொருள் ஈட்டியது. சீனம் அவ்வாணிகத்தைத் தடுக்க முற்பட்டபோது 1839இல் போரே மூண்டது. நோவுற்றோர்க்கு அமுதமான பொருள், போதையை நாடியோர்க்கு நஞ்சாயிற்று.

அந்நஞ்சைக் கண்டு அரசுகள் அஞ்சியது இயல்பே. 1985இல் நம் நாடாளுமன்றம் போதைப் பொருள்களுக்கு எதிராகக் கடுஞ்சட்டம் இயற்றியது. மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்குவதற்குப் பல உரிமங்களைப் பெறவேண்டியதாயிற்று. தண்டனைக்கு அஞ்சிய மருந்தகங்கள் அதனை வைப்பதையே கைவிட்டன. சில ஆண்டுகளில் அதன் மருத்துவப் பயன்பாடு பத்தில் ஒரு பங்கினும் கீழாகச் சுருங்கியது. கள்வனுக்கு அஞ்சி இட்ட பூட்டு, வீட்டுக்குரியவனையே வெளியே நிறுத்திவிட்டது!

1986இல் உலக சுகாதார நிறுவனம், புற்றுநோயாளரின் நோவைப் படிப்படியாகத் தணிக்கும் முறையை வகுத்தது. எளிய மருந்துகள் முதற்படி, மார்ஃபின் இறுதிப்படி. வாய்வழியாக, வேளை தவறாது கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. அவ்வழியில் 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் இராஜகோபாலும் நண்பர்களும் நோவு தணிப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கினர். அவர்களைப் போன்றோரின் நெடுமுயற்சியால் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. பல உரிமங்களுக்கு மாறாக ஓர் உரிமமே போதும் என்றாயிற்று.

இதனால் மார்ஃபின் எல்லா நோவுக்கும் ஏற்றது என்று கருதிவிடலாகாது. 1990களின் இறுதி முதல் அமெரிக்காவில் இவ்வின மருந்துகள் வரம்பின்றி வழங்கப்பட்டமையால் பல்லாயிரவர் மாண்டனர். மறுத்தலும் தீது, மிகுத்தலும் தீது. மருத்துவர் அளந்த அளவே மருந்து.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம், நோவு தணிப்புப் பணியையும் இல்லந்தோறும் கொண்டுசெல்ல முற்பட்டது. திண்டுக்கல்லை அடுத்த அகரம் போன்ற சிற்றூர்களிலும் நெடுநாள் நோயாளர் உள்ளனர். அவர்தம் நோவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது அறமாகாது. தக்க மருத்துவரிடம் எடுத்துரைப்பதே கடன். அருகிருந்து பேணும் அந்த நான்காம் இடம், மாணவர்களே, உங்களுக்கு உரியது.