நிலம்பூர்த் தேக்குக் காடு: பெயரும் உழைப்பும்

செங்கடற்கரைத் துறைமுகமான பெரனிகேயில் நிகழ்ந்த அகழாய்வில், உரோமர் காலக் கட்டடங்களில் மறுபடியும் பயன்படுத்தப்பட்ட தேக்குமரத் துண்டுகள் கிடைத்தன. தேக்கு பன்னெடுங்காலமாகக் கடல் கடந்து சென்றமைக்கு இவை சான்றாகும். ஆயின், வெட்டிய மரத்துக்கு ஈடாகத் திட்டமிட்டுத் தேக்கு வளர்த்த வரலாறு மிகவும் பிற்பட்டது. அதன் தொடக்கநிலைச் சான்று கேரளத்தின் நிலம்பூரில் உள்ளது.

பம்பாய்க் கப்பல் தளத்தின் தேவைக்காக 1806இல் கேப்டன் வாட்சன் மலபார் வனக் காப்பாளராக அமர்த்தப்பட்டார். அவர் காலத்தில் காப்பு என்பது நடைமுறையில் மரம் திரட்டுவதாகவே இருந்தது. காட்டு உரிமையாளரும் மர வணிகரும் எதிர்த்தமையால் 1823இல் அப்பதவி நீக்கப்பட்டது. அதன் பின்னும் வெட்டு தொடர்ந்தது. முதிர்ந்த மரங்கள் அருகின.

இந்நிலையில், சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்ட ஆட்சியர் எச். வி. கனோலி, 1840ஆம் ஆண்டளவில் தேக்கு நடவுத் திட்டத்தை முன்வைத்தார். உரிமையாளரிடம் குத்தகைக்குப் பெற்ற நிலங்களில் பணி தொடங்கியது. கடின ஓடுடைய தேக்கு விதைகள் முதலில் எளிதில் முளைக்கவில்லை. பல சோதனைகளுக்குப் பின் 1844ஆம் ஆண்டளவிலேயே வெற்றி கிட்டியது. களப்பணியை ஏற்று நடத்தியவர் சாத்து மேனன். கனோலி 1855இல் கொல்லப்பட்ட பின்னரும் அவர் தம் பணியைத் தொடர்ந்தார். 1862 வரையிலான அவர் பணிக்காலத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் நடப்பட்டன.

இவ்வரலாற்றை ஏடுகளில் மட்டுமன்றி நிலத்திலும் படிக்கலாம். இயற்கைக் காட்டில் தேக்கு, ஈட்டி, மூங்கில் முதலியன வெவ்வேறு வயதினவாய்க் கலந்து நிற்கும். சாலியாற்றங்கரையில் 1846இல் நடப்பட்ட தோப்பிலோ ஒரே இனம், ஒரே வயது, அளவிட்ட இடைவெளி. மனிதக் கையின் சுவடு இதுவே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கும் மரங்கள் வெட்டப்பட்டன, எஞ்சிய 2.31 ஹெக்டேர் நிலையான பாதுகாப்புத் தோப்பாக நிறுத்தப்பட்டது.

அத்தோப்பு இன்றும் கனோலியின் பெயரையே தாங்கி நிற்கிறது. திட்டம் வகுத்தவரின் பெயர் இடப்பெயராயிற்று. பதினெட்டாண்டுகள் நட்டு வளர்த்தவரின் பெயர் நூல்களில் துணைக்குறிப்பாயிற்று. கன்று சுமந்த உழைப்பாளரின் பெயர்களோ தோப்பின் பெயரிலும் இல்லை, வரலாற்றின் முகப்பிலும் இல்லை. ஆனால் மரவரிசைகள் அவர்தம் உழைப்பின் ஆவணமாகவே நிற்கின்றன. எனவே வனவரலாறு எழுதுவோர் ஆணைகளோடு நிலத்தையும் சான்றாகக் கொள்வது இன்றியமையாததாகும்.