திருவொற்றியூர்: புராணங் கேட்ட திருமகிழ்

சென்னை மாநகரின் வடபால் கடலையடுத்து விளங்குவது திருவொற்றியூர். தனி நகராட்சியாயிருந்த இவ்வூர் 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு இணைந்து அதன் மண்டலங்களுள் ஒன்றாயிற்று. ஆலைகளும் நெருங்கிய வீதிகளும் கண்டு இதனைத் தொழிலூர் என்றே கருதிச் செல்வார் பலர். அடியார் சரிதங்களைக் கற்பனையெனத் தள்ளுவாரும் உளர். இவ்விருவர்க்கும் விடை பகர்வன இவ்வூர்க் கோயிற் கல்வெட்டுக்கள்.

தேவார மூவரும் பாடிய தலம் இது. விளக்கெரிக்க எண்ணெய் பெறாத கலியநாயனார் தம் குருதியையே வார்க்கத் துணிந்தது இங்கேயாம். சங்கிலியாரை மணந்த நம்பியாரூரர் 'பிரியேன்' எனத் திருமகிழின்கீழ்ச் சூளுற்றதும், ஆரூர் வசந்தவிழாவை நினைந்து எல்லை கடந்தபோது கண்ணொளி இழந்ததும் இங்கேயாம்.

இனிக் கல்வெட்டுக் கூறுவன காண்போம். 949-ஆம் ஆண்டுத் தக்கோலப் போரில் சோழ இளவரசர் இராசாதித்தர் வீழ்ந்தனர். அவர்க்கு உற்ற துணைவராகிய சேரநாட்டு வல்லபர், தலைவனோடு உடன் மடியாமைக்கு நைந்து உலகைத் துறந்தார். ஒற்றியூரில் நிரஞ்சன குருவை அடைந்து சதுரானன பண்டிதர் என்னும் பெயர் பூண்டார். அப்பெயர் இம்மடத்துத் தலைவர்க்கு வழிவழி வழங்கலாயிற்று. முதலாம் இராசேந்திரன் காலத்தில் கருங்கல் விமானம் எழுந்ததும் சதுரானன பண்டிதர் முயற்சியாலேயாம். வடமொழி இலக்கணம் பயிற்றும் வியாகரணதான மண்டபமும் இக்கோயிலில் விளங்கிற்று.

சேக்கிழார் பெருமான் பெரியபுராணம் அருளியது இரண்டாம் குலோத்துங்கன் (1133-1150) காலத்தில். சில பத்தாண்டுகள் கழிந்து, இரண்டாம் இராசாதிராசனது ஒன்பதாம் ஆட்சியாண்டில், பங்குனி உத்திரத் திருவிழாவில், இறைவன் திருமகிழின்கீழ் எழுந்தருளி 'ஆளுடைய நம்பி ஸ்ரீபுராணம்' கேட்டருளினார் என்று ஒரு கல்வெட்டுக் கூறுகின்றது. அரசனும் சதுரானன பண்டிதரும் உடனிருந்தனர். அப்புராணம் சேக்கிழார் வாக்கே என்பது அறிஞர் பலர் கொள்கை.

கல்வெட்டு அற்புதத்தை நிறுவ எழுந்ததன்று. எனினும், சூளுற்ற இடத்திலேயே அச்சூளின் கதை அரசவை முன்னர் ஓதப்பெற்றது என்பதை அஃது ஐயமற விளக்குகின்றது. வேந்தனுங் கேட்ட அக்கதை தோழரேயாயினும் சூள் பிழைத்தலை இறைவன் பொறான் என்பதே. ஏட்டிலிருந்த சரிதம் இங்ஙனம் ஊரின் நெறியாயிற்று.

அவ்வொழுக்கு அற்றுப்போகவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இராமலிங்க அடிகள் இத்தலத்து அம்மைமீது வடிவுடைமாணிக்க மாலை பாடினர். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நிகழ்கின்றது. மடம் மறைந்தது; அரசு மறைந்தது. மகிழடியிற் கேட்ட மெய்ம்மை மறையாது நிற்கின்றது. அதனைச் சென்று கேட்டல் அன்பர் கடனாம்.