கேத்தியில் ஒரு நெடுங்காத்திருப்பு

நீலகிரியின் மேற்புறத்தில், குந்தா மலைத்தொடரின் அடிவாரத்தை அடுத்து எமரால்டு என்னும் ஊர் உள்ளது. மின்திட்டத்திற்கெனத் தேக்கப்பெற்ற நீர்ப்பரப்பையும் தேயிலைச் சரிவுகளையும் காண வருவோர், கிறிஸ்தவ சமயம் இம்மலைக்கு முதன்முதல் ஏறிவந்தது இந்தக் குந்தாப் பக்கமாகத்தான் என்பதை அறியார். 1603ஆம் ஆண்டில் பெனிசியோ என்னும் இத்தாலிய இயேசு சபைக் குரவர், மலைமேல் பழைய கிறிஸ்தவர் வாழ்கின்றனர் என்ற செய்தியை நம்பி, மன்னார்க்காட்டிலிருந்து காடு கடந்து வந்தார். அவர் கண்டவர்கள் படகரும் தோடருமேயாவர். தேடிய கிறிஸ்தவர் ஒருவருமிலர். கண்டதைக் கடிதமாக எழுதி அனுப்பிவிட்டு அவர் மலபாருக்கு மீண்டார்.

அவரது வருகை ஒரு சில நாட்களில் முடிந்தது. நாம் இங்குக் கருதவேண்டுவது அதற்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளின் பின், வந்தவர்கள் திரும்பாமல் தங்கிய கதையாகும்.

காசமேஜர் என்னும் ஓய்வுபெற்ற ஆங்கில அதிகாரி கேத்திப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தார். அவருடைய ஆதரவால் 1846இல் பேசல் மிஷன் அங்கே பணி தொடங்கியது. 1849இல் அவர் மறைந்தபொழுது தம் உடைமையையும் அம்மிஷனுக்கே விட்டுச் சென்றார். சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் 1815இல் தோன்றிய இச்சபைக்கு வந்து சேர்ந்தோர் பலர் தென் ஜெர்மனியின் உழவர், கைத்தொழிலாளர் குடிகளில் பிறந்தவர்கள். தன் நெஞ்சைத் தானே சோதித்தலும், பாவத்தை உணர்ந்து இறைவன்முன் மன்றாடுதலும், யாக்கோபைப்போல விடியுமளவும் போராடுதலும் அவர்கள் பயின்ற பக்தியின் உயிர்நிலை. இத்தகைய மரபில் வளர்ந்தவரே பிரெடரிக் மெட்ஸ்.

மெட்ஸ் கன்னடம் அறிந்தவர். படகர் பேச்சு கன்னடத்திற்கு நெருங்கியதாதலின் அதனை விரைவில் கற்றார்; தோடர் மொழியிலும் பழகினார். ஹட்டி ஹட்டியாக நடந்து சென்று, முற்றத்தில் அமர்ந்து பேசினார். ஆயினும் என்ன பயன்? ஆண்டுகள் பல சென்றும் ஞானஸ்நானம் பெற முன்வந்தவர் ஒருவருமில்லை. 1846 முதல் 1858 வரை, பன்னிரண்டு ஆண்டுகள்! வெறுங்கையை ஒளிக்காமல் தாயகத்துச் சபைக்கு அறிக்கை எழுதுதல் எளிதன்று. வெற்றியை எண்ணி வருவோர்க்கு இது தோல்வியே.

படகரின் மறுப்பை அறியாமை என்று கொள்வது பிழையாகும். ஹட்டியின் வாழ்வு உறவினராலும் ஊர்ப்பெரியோராலும் பின்னப்பட்டது. ஒருவன் முன்னோர் வழியை விட்டு விலகினால் உறவும், ஊரும், விளைநிலத்தின் உரிமையும் ஆட்டங்காணும். அத்தகைய முடிவை ஒருவன் தனித்து எடுத்தல் அரிது.

இன்னொன்றும் கருதத்தக்கது. பாவமன்னிப்பைப் போதிக்க வந்த மெட்ஸ், படகர் ஈமச்சடங்கில் பெரியவர் ஒருவர் எழுந்து இறந்தவரின் பாவங்களையும் அவர் முன்னோரின் பாவங்களையும் ஒவ்வொன்றாக ஓதுவதைக் கேட்டார். எல்லைக் கல்லை நகர்த்தியதும், அயலான் விளைவைக் கண்டு பொறாமை கொண்டதும் அந்த வரிசையில் அடங்கும். கூடியிருப்போர் 'பாவம்' என்று எதிர்மொழி கூறுவர். பின் அவையனைத்தும் ஒரு கன்றின்மேல் சுமத்தப்பட்டு, கன்று விடுவிக்கப்படும். விவிலியத்தில் பாவம் சுமந்து பாலைக்கு ஓட்டப்பட்ட வெள்ளாட்டை நினையாமல் ஒரு போதகர் இதனைக் கேட்டிருக்க இயலாது என்பது என் கருத்து. கற்பிக்க வந்தவர் இங்கே மாணவரானார். அவர் அச்சடங்கைப் பழித்து ஒதுக்காமல் எழுதிவைத்தமையால்தான் பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் அதனை அறிந்தனர்.

1858இல் ஹாலமாடா என்ற படகர் ஞானஸ்நானம் பெற்று ஆபிரகாம் என்னும் பெயர் பூண்டார். தன் தேசத்தையும் தந்தை வீட்டையும் விட்டுப் புறப்பட்டவனின் பெயர் அது. பாதிரியாரின் மனப்போரைப் பற்றிப் பேசுவோர், இவருடைய போரை மறந்துவிடுகின்றனர். மெட்ஸுக்கு ஏமாற்றம், இவருக்கோ உற்றார் அனைவரும் எதிரே நின்ற நிலை. இருவரில் எவர் இழந்தது மிகுதி என்பதில் ஐயமில்லை.

அதன் பிறகும் பெருந்திரள் சேரவில்லை. சிறு சபை ஒன்று மெல்ல வளர்ந்தது. மெட்ஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இம்மலையிலேயே உழைத்தார். நீலகிரி மாந்தரைப் பற்றி நூல் எழுதுவோர் அவரை நாடி உசாவினர்.

அவருடைய நூல் 1856இல் சென்னையில் அச்சேறியது. நீலகிரிக் குடிகளின் வழக்கங்களைக் கூறும் தொடக்ககால நூல்களுள் அது சிறப்பு வாய்ந்தது. அதன் முகப்பில் மெட்ஸ் என்ற பெயர் இல்லை. 'ஒரு ஜெர்மன் மிஷனரியின் குறிப்புகளிலிருந்து' எடுத்து நண்பரொருவர் பதிப்பித்தது என்ற அளவே அங்குக் காணப்படும்.