சுருட்ட முடியாத பாய்

கீழ்வேளூர் வயல்வரப்பில் நின்று நாற்புறமும் நோக்குங்கள். குன்றில்லை, மேடில்லை, பாய் விரித்தாற்போல் கிடக்கிறது நிலம். இந்தப் பாயைத்தான் இரணியாட்சன் சுருட்டிக்கொண்டு கடலுள் புகுந்தானாம்!

வகுப்பில் இக்கதையைச் சொன்னால் மாணவர் சிரிக்கின்றனர். "உலகம் உருண்டையாயிற்றே!" என்கின்றனர். எப்படித் தெரியும் என்று நாம் கேட்டால், "நூலில் இருக்கிறது" என்கின்றனர். புராணிகரும் அதே விடையைத்தானே தருவார்? ஏட்டை மாற்றிக்கொள்வது பகுத்தறிவு ஆகாது தோழர்களே. சான்று கேட்பதே பகுத்தறிவு.

சான்று தேடி நெடுந்தொலைவு போகவேண்டாம். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே 7½ மைல் நீளக் கோட்டினை அளந்து தம் பணியைத் தொடங்கினார் வில்லியம் லாம்டன். உலகின் வளைவைக் கணக்கிடுவதும் அவர் நோக்கம். தொலைவிலுள்ள குறிகளைக் காண உயரம் வேண்டும். காவிரிச் சமவெளியில் மலைக்கு எங்கே போவது? கோபுரங்களே குன்றுகளாயின.

1808இல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின்மீது, அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றினர். கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதி நெளிந்தது. விதியென்று நொந்து கிடந்தாரா லாம்டன்? இல்லை, ஆறு வாரம் உழைத்து அதனைச் சீராக்கினார், அளவையைத் தொடர்ந்தார்.

உயரம் ஏறினால் பார்வை நீள்வதேன்? உலகம் வளைந்திருப்பதால்! திறந்தவெளியில் நிற்பவர் கண்ணுக்கு அடிவானம் ஏறத்தாழ 4½ கிலோமீட்டரில் முடியும். 60 மீட்டர் உயரத்திலோ 28 கிலோமீட்டர்.

இதையும் நாம் எழுதியதற்காக நம்பாதீர்கள். நாகைக் கடற்கரைக்குச் செல்லுங்கள். விலகிச் செல்லும் கப்பலின் அடி முதலில் மறையும். உச்சி கடைசியில் மறையும். கண்டு தெளியுங்கள், பிறகு சிரியுங்கள்!