கொங்கு நாட்டில் மூன்றாம் அணி வாக்குகள்

தி.மு.க., அ.தி.மு.க. தலைமையிலான இரு கூட்டணிகளுக்கும் வெளியே நின்றவர்களுக்குக் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் விழுந்த வாக்குகளின் வரலாறு இது. 1977-ல் அ.தி.மு.க. ஆட்சியைப் பிடித்த பிறகு தமிழகத் தேர்தல் களம் மெல்ல இருமுனையாக இறுகியது. அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி என்னும் முறை இரு பெரிய கட்சிகளையே வளர்க்கும் என்று பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் துவெர்ஜே 1950-களில் எழுதியிருந்தார். கொங்கு அதற்குப் பணிந்தது. ஆனால் முணுமுணுக்காமல் பணியவில்லை.

முதல் முயற்சி உழவர்களுடையது. 1972-ல் மாட்டு வண்டிகளைக் கொண்டு கோவை நகரையே நிறுத்திக் காட்டியவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு. 1982-ல் உழவர்களுக்கென்று அவர் தொடங்கிய கட்சி வேரூன்றவில்லை. 1984 டிசம்பரில் தேர்தல் பிரசாரத்துக்குச் சென்ற இடத்தில், கோவில்பட்டியில், அவர் இறந்தார். போராட்டத்தில் அவர் பின்னால் திரண்டவர்கள் வாக்குச்சாவடியில் பழைய சின்னங்களுக்கே திரும்பினார்கள்.

அந்த ஆற்றாமை 1996-ல் மொடக்குறிச்சியில் வேறு வடிவில் வெடித்தது. கோரிக்கைகளை யாரும் கேட்கவில்லை என்று கொதித்த விவசாயிகள் கூட்டங்கூட்டமாக வேட்புமனு தாக்கல் செய்ய, 1,033 பேர் களத்தில் நின்றனர். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியிருந்தது, வாக்குப்பதிவும் தள்ளிப்போனது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது. அங்கீகாரமில்லாத கட்சியினரும் சுயேச்சைகளும் பத்துப் பேரின் முன்மொழிவோடு வரவேண்டும் என்றது. குறைகளுக்குப் பதில் வரவில்லை, குறை சொல்லும் வழிதான் குறுகியது. மக்களாட்சிக்கு அது அழகல்ல.

கணக்கை மாற்றியது 2009. கொங்கு வேளாளர் அமைப்புகளிலிருந்து புதிதாகப் பிறந்த கொங்குநாடு முன்னேற்றக் கழகம் மக்களவைத் தேர்தலில் தனித்து நின்றது. கோவையில் ஈ.ஆர்.ஈஸ்வரன் சுமார் 1.28 லட்சம் வாக்குகள் பெற்று மூன்றாமிடம் வந்தார். அ.தி.மு.க. அணியிலிருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் பி.ஆர்.நடராஜன் காங்கிரசின் ஆர்.பிரபுவை வென்ற வித்தியாசமோ 40,000-க்கும் கீழ். ‘ஓட்டைப் பிரிக்கிறார்கள்’ என்ற வசை ஒரே இரவில் பேரம் பேசும் தகுதியாக மாறியது. 2011-ல் தி.மு.க. ஏழு தொகுதிகள் கொடுத்தது; ஏழிலும் தோல்வி. ஈஸ்வரன் 2013-ல் தொடங்கிய கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி 2019-ல் நாமக்கல்லில் வென்றது, 2021-ல் அவரே திருச்செங்கோட்டில் வென்றார். இரண்டுமே உதயசூரியன் சின்னத்தில். தனித்து வாங்கிய வாக்குக்குக் கிடைத்த விலை இது. தனிச் சின்னம் அந்த விலையில் கரைந்தது.

2021-ல் கோவை தெற்கில் இரு கூட்டணிகளுக்கும் வெளியே நின்ற கமல்ஹாசன் 1,728 வாக்குகளில் பா.ஜ.க.வின் வானதி சீனிவாசனிடம் தோற்றார். மூன்றாவதாக வந்தது தி.மு.க. அணியின் காங்கிரஸ், 42,000 வாக்குகளுக்கு மேல். அங்கே ஓட்டைப் பிரித்தது யார் என்பதற்கு எளிய விடை இல்லை.

கோவை மக்களவைத் தொகுதியில் பெரிய கட்சிகளே மூன்றாம் படிக்கு இறங்கியதும் உண்டு. 2014-ல் பா.ஜ.க. இரண்டாமிடம் பிடிக்க, தி.மு.க. மூன்றாமிடத்துக்குப் போனது. 2024-ல் தி.மு.க. வென்று, பா.ஜ.க.வின் அண்ணாமலை இரண்டாவதாக வர, மூன்றாமிடத்தில் நின்றது அ.தி.மு.க.