இடப்பக்கம் கிக்ஸ், வலப்பக்கம் பெக்கம்: யார் பலம் பெரிது?

மென்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் நான்கு பேர் மாமாக் கடையில் ஒன்றாக உட்கார்ந்தால், தே தாரிக் ஆறுவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். ரயன் கிக்ஸா? டேவிட் பெக்கமா? இந்த வார மன்றத்திலும் அதையே எடுத்துக்கொண்டோம். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் "பெக்கம் விங்கரே இல்லை" என்று ஒரே போடாகப் போட்டார்கள். மீதிப் பேர் "கிக்ஸ் ஓடினார், ஓடினார், ஓடிக்கொண்டே இருந்தார், பந்து எங்கே போனது?" என்று கேலி செய்தார்கள். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. இருவரும் விளையாடிய ஆண்டுகளைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசலாமே.

விங்கர் என்பவரின் வேலை என்ன? பழைய நாள் கணக்குப்படி, கோட்டோரமாகப் பந்தை எடுத்துக்கொண்டு போய், எதிரணியின் பக்கத் தற்காப்பு ஆட்டக்காரரை ஏமாற்றி, கோல் முனைக்கு முன்னால் பந்தை அனுப்ப வேண்டும். 1966இல் உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து, பயிற்றுநர் ஆல்ஃப் ராம்சேயின் திட்டப்படி விங்கர்களே இல்லாமல் ஆடியது. விங்கர் காலம் முடிந்துவிட்டது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். ஆனால் ஓல்ட் டிராஃபர்டில் அந்த ஆசை போகவே இல்லை. ஜார்ஜ் பெஸ்ட் அங்கேதான் வளர்ந்தார். 70களில் டாமி டோகர்ட்டியின் குழுவில் வலத்தில் ஸ்டீவ் கோப்பலும் இடத்தில் கோர்டன் ஹில்லும் ஓடினார்கள். அலெக்ஸ் ஃபெர்குசன் 1986இல் பொறுப்பேற்றபோது அந்த ரசிகர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கிக்ஸ் 1973 நவம்பர் 29இல் கார்டிஃபில் பிறந்தவர். தந்தை ரக்பி ஆட்டக்காரர். குடும்பம் மென்செஸ்டருக்கு அருகில் குடியேறிய பிறகு, பையன் பயிற்சிக்குப் போனது மென்செஸ்டர் சிட்டிக்கு! ஃபெர்குசன் சும்மா இருப்பாரா? 1987இல் பையனின் 14ஆவது பிறந்தநாளன்று நேராக வீட்டுக்கே போய்விட்டார். பெக்கமின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். 1975 மே 2இல் லண்டனில் பிறந்த அவரும் தமது 14ஆவது பிறந்தநாளில்தான் யுனைடெட் கிளப்பில் கையெழுத்திட்டார். 1992இல் இளையோருக்கான எஃப்ஏ கிண்ணத்தை வென்ற குழுவில் இருவருமே இருந்தார்கள். பிள்ளைகளை நேரத்தோடு பிடித்துவிட வேண்டும் என்பதில் அந்த மனிதர் நம் ஊர்ப் பெற்றோர்களையே மிஞ்சிவிட்டார்.

ஆனால் அதற்குப் பிறகு இருவரின் பாதையும் ஒன்றல்ல. கிக்ஸ் 1991 மார்ச் 2இல், எவர்ட்டனுக்கு எதிராக, 17 வயதில் முதல் குழுவுக்குள் வந்துவிட்டார். 1992, 1993 ஆகிய இரண்டு ஆண்டுகளும் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. பெக்கமோ காத்திருந்தார். 1995 தொடக்கத்தில் அவரைப் பிரஸ்டன் நார்த் எண்ட் குழுவுக்குச் சில ஆட்டங்களுக்கு இரவல் கொடுத்தார்கள். அங்கே அவர் போட்ட முதல் கோல் என்ன தெரியுமா? கார்னரிலிருந்து நேராக வலைக்குள் வளைத்து அடித்தது!

அதே 1995இல் வலப்பக்க விங்கர் அந்திரே கன்செல்ஸ்கிஸ் எவர்ட்டனுக்கு விற்கப்பட்டார். இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். லீக் பட்டத்தையும் எஃப்ஏ கிண்ணத்தையும் சேர்த்து வென்ற 1994ஆம் ஆண்டுக் குழுவில் ஒரு பக்கம் கிக்ஸ், மறுபக்கம் கன்செல்ஸ்கிஸ், இருவருமே புயல். எதிரணியின் கார்னர் பந்து திரும்பி வந்தால் போதும், பத்து விநாடியில் மறுமுனையில் இருப்பார்கள். அந்தக் கன்செல்ஸ்கிஸ் போன இடத்துக்கு ஃபெர்குசன் இன்னொரு புயலை வாங்கவில்லை. வேகமே இல்லாத ஒரு பையனை நிறுத்தினார். "பெக்கம் விங்கரே இல்லை" என்ற வாதம் அங்கேதான் பிறந்தது.

காலும் கணக்கும்

கிக்ஸிடம் என்ன பலம்? ஓட்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஓடுகிறவர்கள் ஆயிரம் பேர். கிக்ஸின் பலம், முழு வேகத்தில் ஓடும்போதும் பந்து இடது காலை விட்டு விலகாமல் இருந்தது. இடுப்பை ஒரு பக்கம் சாய்ப்பார், தற்காப்பு ஆட்டக்காரரின் எடை அந்தக் காலுக்குப் போகும், அதற்குள் இவர் மறுபக்கம் போயிருப்பார். ஒருவரால் சமாளிக்க முடியாது என்பதால் எதிரணி இரண்டு பேரை அனுப்பும். இரண்டு பேர் இங்கே வந்தால் நடுவில் ஒருவருக்கு இடம் கிடைக்கும். இந்த லாபம் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

குறையும் உண்டு. வலது கால் அவருக்கு நின்றுகொள்ளத்தான் பயன்பட்டது என்று சொல்கிற அளவுக்குப் பலவீனம். நான்கு பேரைத் தாண்டிவிட்டு ஐந்தாவது அடியில் பந்தை எங்கோ அனுப்பிய நாட்கள் நிறைய. தொடையின் பின்தசைக் காயமும் அவரை அடிக்கடி வெளியே உட்கார வைத்தது.

பெக்கமுக்கு வருவோம். அவர் ஆளைத் தாண்டிப் போக மாட்டார். போக வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. எதிரே நிற்பவரிடமிருந்து அரை அடி இடைவெளி கிடைத்தால் போதும். இடது காலை அகலமாக ஊன்றி, உடம்பைச் சாய்த்து, வலது பாதத்தின் உள்பக்கத்தால் பந்தின் ஓரத்தைச் சீவுவார். பந்து தற்காப்பு ஆட்டக்காரரைச் சுற்றி வளைந்து, கோல் காவலருக்கும் தற்காப்பு வரிசைக்கும் நடுவில் போய் விழும். கோல் காவலர் வெளியே வந்தால் பிடிக்க முடியாது, வராவிட்டால் எதிரணித் தாக்குதல்காரர் தலையால் முட்டிவிடுவார். கோட்டின் முனைவரை ஓடிப்போய் அனுப்பும் பந்தைவிட, பின்னாலிருந்தே முன்கூட்டி வருகிற இந்தப் பந்து ஆபத்தானது. ஏனென்றால் தற்காப்பு வரிசை இன்னும் தன் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். 1999 மார்ச்சில் இன்டர் மிலானை 2-0 என வென்ற ஆட்டத்தில் டுவைட் யோர்க் தலையால் முட்டிய இரண்டு கோலும் பெக்கம் அனுப்பிய பந்துகள்தாம்.

இதில் கேரி நெவிலுக்கும் பங்கு உண்டு. அவர் பெக்கமைத் தாண்டி ஓடுவார், காவலுக்கு நிற்பவர் ஒரு கணம் அவரைப் பார்ப்பார், அந்த ஒரு கணம் பெக்கமுக்குப் போதும். நெவிலுக்குப் பந்தே கிடைக்காமல் போன ஓட்டங்கள் எத்தனையோ! பாவம், அதையெல்லாம் யார் எண்ணினார்கள்?

பிரிமியர் லீக்கில் பெக்கம் ஃபிரீ கிக்கிலிருந்து நேரடியாகப் போட்ட கோல்கள் 18. யுனைடெட்டுக்காக மொத்தம் 394 ஆட்டங்கள், 85 கோல்கள். கிக்ஸ் 963 ஆட்டங்கள், 168 கோல்கள். பெக்கம் ஏறத்தாழ நாலரை ஆட்டத்துக்கு ஒன்று, கிக்ஸ் ஐந்தரை ஆட்டத்துக்கும் மேல் ஒன்று. கோல் கணக்கில் "ஓடாத" விங்கர்தான் முன்னால் நிற்கிறார். கிக்ஸின் கணக்கில் வயதான ஆண்டுகளும் சேர்ந்திருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரே பருவத்தில் இருவரும்

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க 1998-99ஆம் ஆண்டுப் பருவத்தைவிட நல்ல இடம் கிடையாது. 1998 உலகக் கிண்ணத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கிய பெக்கமின் உருவப் பொம்மையை லண்டனில் தூக்கில் தொங்கவிட்டார்கள். இங்கிலாந்தின் எந்த அரங்குக்குப் போனாலும் கூச்சல். அந்த நிலைமையில் பருவத்தின் முதல் லீக் ஆட்டத்தில், லெஸ்டர் சிட்டிக்கு எதிராக, கடைசி நேரத்தில் ஃபிரீ கிக் அடித்து 2-2 எனச் சமமாக்கினார். கடைசி லீக் ஆட்டத்தில் டோட்டன்ஹாமுக்கு எதிராகப் பின்தங்கியிருந்தபோது சமப்படுத்திய கோலும் அவருடையதே. 23 வயதுப் பையன் ஒரு நாட்டின் வெறுப்பைச் சுமந்துகொண்டு இதைச் செய்தான். வெறும் அழகுக்காகப் பேர் வாங்கியவர் என்று அவரைச் சொல்கிறவர்கள் இந்த ஒரு பருவத்தை மட்டும் திரும்பிப் பார்க்கட்டும்.

ஏப்ரல் 14, வில்லா பார்க். எஃப்ஏ கிண்ண அரையிறுதியின் மறு ஆட்டம், எதிரே ஆர்சனல். பெக்கம் தூரத்திலிருந்து அடித்து முதல் கோல் போட்டார். பெர்காம்ப் சமமாக்கினார். ராய் கீன் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். ஆட்டம் முடியும் நேரத்தில் பெர்காம்ப் அடித்த பெனால்டியை ஷ்மைக்கல் தடுத்தார். கூடுதல் நேரம், பத்துப் பேர், எல்லோருக்கும் கால் தளர்ந்துவிட்டது. மாற்று ஆட்டக்காரராக வந்திருந்த கிக்ஸுக்கு, 109ஆவது நிமிடத்தில், விய்ரா தவறாக அனுப்பிய பந்து கிடைத்தது. தமது பாதித் திடலிலிருந்து புறப்பட்டார். விய்ரா, டிக்சன், கியோன் எல்லோரும் சுற்றி நின்றும் பிடிக்க முடியவில்லை. நெருக்கமான கோணத்திலிருந்து சீமனின் தலைக்கு மேலே வலையின் கூரையில் அடித்தார். பெக்கம் நூறு ஆட்டம் ஆடினாலும் இந்தக் கோலைப் போட்டிருக்க முடியாது. திட்டம், பயிற்சி எல்லாம் தீர்ந்துபோன நேரத்தில் தனி ஒருவர் செய்யக்கூடிய வேலை இது.

அப்புறம் மே 26, பார்சலோனா. நமக்கு அது மே 27 விடியற்காலை 2.45 மணி. ரசிகர்கள் பலரும் மறந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. பயர்ன் மியூனிக்கை எதிர்த்த அந்தச் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கீனும் ஸ்கோல்ஸும் தடையால் ஆட முடியவில்லை. அதனால் பெக்கம் நடுத்திடலுக்குப் போனார். கிக்ஸ் வலப்பக்கம் ஆடினார்! இடத்தில் புளோம்க்விஸ்ட். அதாவது நாம் ஒப்பிடுகிற இரண்டு விங்கர்களில் எவருமே அன்று தம் சொந்த இடத்தில் இல்லை. 90 நிமிடம் யுனைடெட் திணறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கூடுதல் நிமிடத்தில் பெக்கம் கார்னர் அடித்தார். வெளியே வந்த பந்தைக் கிக்ஸ் அந்தப் பலவீனமான வலது காலால் சரியாகப் படாமல் உதைத்தார். அதை ஷெரிங்கம் வலைக்குள் திருப்பினார். இரண்டு நிமிடத்தில் பெக்கமின் இன்னொரு கார்னர், ஷெரிங்கம் தலை, சோல்ஷார் கால். 2-1. ஒருவரின் மிகச் சிறந்த பலமும் மற்றவரின் மிகப் பெரிய பலவீனமும் சேர்ந்துதான் முதல் கோல் வந்தது.

2003: யார் போவது?

என்னைக் கேட்டால், இந்த விவாதத்தின் உண்மையான சோதனை 2003இல்தான் நடந்தது. பிப்ரவரி 15, மறுபடியும் எஃப்ஏ கிண்ணம், மறுபடியும் ஆர்சனல். கோல் காவலரையும் தாண்டிவிட்ட கிக்ஸ், காலியான கோல் முனைக்கு மேலே பந்தைத் தூக்கி அடித்துவிட்டார். ஆட்டம் 0-2 எனத் தோல்வி. ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் ஃபெர்குசன் கோபத்தில் உதைத்த காலணி போய் விழுந்ததோ பெக்கமின் புருவத்தில்! கோலைத் தவறவிட்டவர் ஒருவர், தையல் போட்டுக்கொண்டவர் இன்னொருவர்.

அந்தக் குளிர்காலத்தில் ஓல்ட் டிராஃபர்ட் ரசிகர்களே கிக்ஸைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். விற்றுவிடலாம் என்றும் பேச்சு இருந்தது. அதே பிப்ரவரி 25இல் டுரினில், ஃபோர்லான் காயமடைந்ததால் எட்டாவது நிமிடத்திலேயே மாற்று ஆட்டக்காரராக இறங்கி, யுவென்டசுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார் கிக்ஸ். ஏப்ரல் 23இல் ரியல் மட்ரிட்டுக்கு எதிராகப் பெக்கம் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டார். 63ஆவது நிமிடத்தில் இறங்கி அவரும் இரண்டு கோல் போட்டார். ஒன்று, சொல்லத் தேவையில்லை, ஃபிரீ கிக். அவர் போட்டும் பயனில்லை. ஆட்டத்தை 4-3 என வென்றாலும் மொத்தக் கணக்கில் யுனைடெட் வெளியேறியது. ஜூனில் பெக்கம் அதே ரியல் மட்ரிட்டுக்கு விற்கப்பட்டார்.

இருவரும் ஒரே தட்டில் இருந்தார்கள், ஒருவர் போனார். ஆட்டத்தின் பலத்தை மட்டும் நிறுத்துப் பார்த்திருந்தால் பெக்கம் போயிருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. வெளியே வளர்ந்துவிட்ட புகழ் ஃபெர்குசனுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நம் கடைகளில் 7ஆம் எண் சட்டைகள் தொங்கிய அளவுக்கு 11ஆம் எண் சட்டைகள் என்றைக்குத் தொங்கின? அந்த வித்தியாசம் பெக்கமுக்குச் சாதகமானது போலத் தோன்றும். கடைசியில் அதுவே பாதகமானது. அடுத்த மூன்று பருவங்கள் யுனைடெட் லீக் பட்டத்தை வெல்லவில்லை. பெக்கம் போனதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆர்சனலும் செல்சியும் அப்போது பெருங்குழுக்கள். ஆனால் பெனால்டி கட்டத்துக்குள் காத்துக்கிடந்த வான் நிஸ்டல்ரோய்க்கு அப்படிப்பட்ட பந்துகள் பிறகு எங்கிருந்து வந்தன?

மன்றத்தில் ஒரு நேயர் கேட்டார்: "அப்படியென்றால் கிக்ஸ் எப்படி 40 வயது வரை நின்றார்?" நல்ல கேள்வி. வேகம் குறையக் குறைய அவர் கோட்டோரத்தை விட்டு நடுத்திடலுக்கு நகர்ந்தார். தசைக் காயங்களைத் தவிர்க்க யோகா பயின்றார். ஓடுவதற்குப் பதிலாகப் பந்தை அனுப்பத் தொடங்கினார். அதாவது முப்பதைத் தாண்டிய கிக்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் பெக்கம் ஆனார்! பிரிமியர் லீக்கில் அவர் கோலுக்கு உதவியாக அனுப்பிய பந்துகள் 162. 35 வயதில், 2009இல், சக ஆட்டக்காரர்கள் வாக்களித்து அவரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். 13 லீக் பட்டங்கள் அவரிடம் சேர்ந்தன. பெக்கம் யுனைடெட்டில் ஆறு பெற்றார். பிறகு ஸ்பெயின், அமெரிக்கா, பிரான்ஸ் என மேலும் மூன்று நாடுகளில் பட்டம் பார்த்தார்.

எனவே என் தீர்ப்பு இது. ஒரே ஒரு ஆட்டம், கடைசிப் பத்து நிமிடம், எதிரணி கதவைச் சாத்திவிட்டது என்றால் எனக்குக் கிக்ஸ் வேண்டும். 38 ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவம், வாரா வாரம் ஒரே தரத்தில் பந்து வர வேண்டும் என்றால் 1998க்கும் 2001க்கும் இடைப்பட்ட பெக்கமைத்தான் எடுப்பேன். மன்றத்தில் கைதூக்கச் சொன்னபோது கிக்ஸ் பக்கம்தான் அதிகம். என் கை சிறுபான்மையில் இருந்தது.

கிக்ஸ் ஓல்ட் டிராஃபர்டில் கடைசியாக இறங்கியது 2014 மே 6இல், ஹல் சிட்டிக்கு எதிராக. அப்போது அவரே இடைக்காலப் பயிற்றுநர். தம்மைத் தாமே மாற்று ஆட்டக்காரராக இறக்கிக்கொண்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு ஃபிரீ கிக் கிடைத்தது. அதை அடிக்க முன்வந்தவர் கிக்ஸ். பந்து வளைந்துதான் போனது, கோல் காவலர் தடுத்துவிட்டார்.